ஈரத்தோடு மடித்த வண்டி

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் யசோதரன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பெண்டாட்டி சாந்திமதியை ஒரு மலைக்குக்கூட அழைத்துப்போனதில்லை. மனசில்லாமல் இல்லை. சமணக் குடும்பம், அவள் ஓட்டல் வாசலை மிதிக்க மாட்டாள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடே கிடையாது.

அதற்காகத்தான் மனுஷன் பழைய வண்டி விற்கும் விழுப்புரத்து ராஜ்குமாரிடம் ஒரு பழைய மடக்கு கேம்பரை வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வண்டி. விரித்தால் கித்தான் சுவரோடு குட்டி வீடு, உள்ளே கட்டில், அடுப்பு. "அப்போ என் கையாலயே சமைச்சிக்கலாமா?" என்று கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததே, அதற்காக இன்னும் நாலு வண்டி வாங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஊட்டிக்குப் போவதென்று முடிவாயிற்று. முதலில் ஒரு வெள்ளோட்டம், பொம்மையார்பாளையம் கடற்கரைக்கு. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கித்தான் தெப்பலாக நனைந்தது, சமைக்கக் கொண்டுபோன மாவும் கூழாகிவிட்டது.

"ஏங்க, பொழுது இறங்குது. ஜல்தி மடிங்க, இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போய் சாப்புடணும்" என்று சாந்திமதி விரட்டினாள். ஈரத்தோடு மடித்துக்கொண்டு பறந்தார்கள். சாப்பாடு நேரத்துக்கு நடந்தது. அப்புறம் மண்டியில் சீசன் வந்துவிட, வண்டியை மறந்தே போனார்கள்.

ஊட்டிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் யசோதரன் வண்டியை விரித்தார். குப்பென்று ஒரு வாடை. கித்தான் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். பூசணமும் உயிர்தான் என்று, அது பூத்த ஊறுகாய் இருக்கும் பக்கமே போகாதவள், இதற்குள் எப்படிப் படுப்பாள்? ஊட்டி கோவிந்தாதான்.

ராஜ்குமாருக்குப் போன் போட்டார். "பிளீச்சிங் பவுடர கரைச்சி அடிங்க சார், ஒரே அடியில செத்துடும்" என்றது ஸ்பீக்கர்.

"எது சாவும்?"

பின்னாலேயே சாந்திமதி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஈரத்தோட மடிச்சி வளர வெச்சதும் நாம, மருந்தடிச்சி கொல்றதும் நாமளா?"

"அப்போ வித்துடட்டுமா?" கேட்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"வாங்கறவன் மட்டும் கொஞ்சிக்கினு இருப்பானா? நவுருங்க."

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, மெத்தென்ற பெயின்ட் பிரஷ்ஷால் பூசணத்தைப் பேப்பரில் தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் "மன்னிச்சிக்குங்க, தெரியாம பண்ணிட்டோம்" என்று ஒரு முணுமுணுப்பு வேறு. தட்டியதை வேப்பமரத்து நிழலில் ஈரமண்ணில் கொண்டுபோய்க் கொட்டினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு யசோதரனும் ஒரு பிரஷ்ஷை எடுத்தார். நாலைந்து கித்தான் மடிப்பு தாண்டுவதற்குள் அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வடிகட்டிய தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து வெயிலில் விட்டார்கள். வாடை போயிற்று. கறை மட்டும் அங்கங்கே நின்றது.

சாயங்காலம் தடவிப் பார்த்தால் தையல் ஓரமெல்லாம் இன்னும் சில்லென்று இருந்தது. மேற்கே சூரியன் தாழ்ந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

"போதும், மடிச்சிடறேன். நீ போய் உலை வை, இருட்டிடப் போவுது" என்றார்.

"கைய எடுங்க. ஃபேனக் கொண்டாங்க."

"சாப்பாடு?"

"இன்னிக்கு உபவாசம்."

பசி வந்தால் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும் என்பது அவருக்குத் தெரியும். "எதுக்கு சாந்தி? நாளைக்கு இல்லன்னா இன்னொரு நாளைக்குப் போனா போவுது."

அவள் தையலை ஃபேனுக்கு நேராகப் பிடித்தபடி நின்றாள். திரும்பவில்லை.

"எனக்கு ஊட்டி பாக்கணுங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இதுதான். யசோதரன் கித்தானின் இன்னொரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.