இரண்டு கையும் பலகையில்

மாமனார் ஒரு முடிவோடுதான் இருந்தார். விடிந்ததும் விடியாததுமாகக் கடைக்குப் போய், சுவரில் ஒட்டும் பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடி அறையில் சாத்திவிட்டார். முன்பக்கம் ஜிப்சம், பின்பக்கம் குளிரைத் தடுக்க நாலு விரல் கனத்துக்கு ஃபோம்.

"வெளிச்சுவர் ஐஸ் மாதிரி இருக்கு. என் பொண்ணு நடுங்கிட்டுக் கிடக்கா. இன்னைக்கே முடிச்சிடலாம் மாப்பிள்ளை," என்றார்.

மருமகன் பலகைகளை எண்ணிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஓர் அறையில்தான் குடித்தனம். விளக்கு எரிந்தால் கீழேயிருந்து "இன்னும் தூங்கலையா?" என்று குரல் வரும். இருமினால் கஷாயம் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டாவது கிளம்பியிருப்பான்.

அவன் வேன் ஓட்டும் கிடங்குக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்தாகிவிட்டது. வீட்டுக்காரர் இன்று மத்தியானம் ஃபோன் செய்வார். இவன் சரி என்றால் சாவி, இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மாமனாரிடம் சொல்லும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்பாகிட்ட நானே பக்குவமா சொல்றேன். நீங்க வாயத் தொறந்து காரியத்தக் கெடுத்துடாதீங்க," என்றிருந்தாள். அந்தப் பக்குவம் இன்றுவரை வந்தபாடில்லை.

எனவே வாயை மூடிக்கொண்டு எடுபிடி வேலை செய்தான். கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டதில் நிற்கவே இடமில்லை. இந்தச் சுவரில் நாலு விரல், அந்தச் சுவரில் நாலு விரல் என்று போனால் இருக்கிற அறையும் சுருங்கிவிடும். நினைக்கவே மூச்சு முட்டியது.

முதல் பலகையில் ப்ளக் பாயிண்டுக்கு ஓட்டை போட வேண்டும். மாமனார் சுவரில் இடது ஓரத்திலிருந்து அளந்தார். பிறகு பலகையைக் குப்புறப் போட்டு, அதே அளவை அப்படியே ஃபோம் மேல் இடது பக்கம் குறித்து வெட்டினார். நிமிர்த்தினால் ஓட்டை வலது பக்கம் வருமே என்று மருமகனுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. பலகை வீணானால் வேலை நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை.

நிமிர்த்தியதும் மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "பார்த்துட்டுத்தானே நின்னீங்க, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சரி விடுங்க. நம்ம லட்சணம் தெரிஞ்சுதான் ஒண்ணு கூடுதலா வாங்கினேன்."

அந்த 'நம்ம' அவனைக் குத்தியது.

இரண்டாவது பலகையில் ஓட்டை சரியாக விழுந்தது. சுவரில் பசையைத் திட்டுத் திட்டாக அப்பி, பலகையைத் தூக்கி வைத்தார்கள். "கையை மட்டும் எடுத்துடாதீங்க, சரிஞ்சு விழுந்துடும். ட்ரில் கீழ இருக்கு, எடுத்துட்டு வந்து ஸ்க்ரூ போட்டுடறேன்," என்று மாமனார் இறங்கிப் போனார்.

இரண்டு கைகளையும் விரித்து, ஒரு முழங்காலை முட்டுக் கொடுத்து நின்றான். அப்போதுதான் பேண்ட் பையில் ஃபோன் அடித்தது. மனைவியைக் கூப்பிட்டான். அவள் வந்து ஃபோனை உருவி, திரையைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர்தானே? சரின்னு சொல்லிடு," என்றான்.

அவள் ஃபோனைக் காதில் வைத்தாள். "நான் அவர் சம்சாரம் பேசுறேங்க. இல்லைங்க, எங்களுக்கு வேண்டாம். வேற ஆளுக்கே குடுத்துடுங்க." வைத்துவிட்டாள்.

"என்ன பண்ணிட்ட நீ?" என்றான்.

"எனக்கு இங்கிருந்து போக மனசே இல்லங்க. நீங்க ஆசப்பட்டீங்கன்னு தலையாட்டினேன். ரூம் கதகதப்பா இருந்தா நீங்களும் இருந்துடுவீங்கன்னுதான் இந்தப் பலகைய வாங்கச் சொன்னேன். அப்பாவா வாங்கல."

அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன்மேல் பிரியம் இல்லாமல் சொல்லவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கையை எடுத்தால் போதும். பலகை விழுந்து உடையும், மாமனார் ஓடி வருவார், எல்லாம் வெளியே வந்துவிடும். ஃபோனைப் பிடுங்கித் திரும்பக் கூப்பிடலாம், வீட்டுக்காரர் இன்னும் வேறு யாரிடமும் பேசியிருக்கமாட்டார். எடுடா கையை என்று தன்னையே அதட்டிப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

மாமனார் மூச்சு வாங்க மேலே வந்தார். "அப்படியே அசையாம பிடிச்சிருக்கீங்களே மாப்பிள்ளை. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

அவன் அழுத்தினான்.