சிற்றகத்தி நின்ற நிலம்

பெண்டாட்டி செத்தபிறகு அவள் ஊரில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? லைசன் காதுபடவே கேட்டார்கள். செவா இனத்தார் ஊர்களில் நிலம் பெண்வழிச் சொத்து. மனைவி ஊருக்கு வந்து பாடுபடுகிறவன், அவள் போனால் போர்வையையும் கோடாலியையும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். வகுத்தவன் எவனோ கல்நெஞ்சக்காரன்.

லைசனும் மனைவி அலினெஸும் சத்துப் போன நிலத்தில் சிற்றகத்தி நட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் வளர்ந்தால் வேரும் இலையும் மண்ணைத் தேற்றும், வெட்டிவிட்டு மக்காச்சோளம் போடலாம்.

"களிக்கு மாவில்லையாம், குச்சி நடுறாங்க!" என்று ஊரே சிரித்தது. அலினெஸும் கூடச் சிரித்துக்கொண்டே, கன்றுகளை மேய வந்த மாடுகளை விரட்டினாள். மரங்கள் ஆளுயரம் தாண்டிய வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள்.

"இந்த ஒரு விளைச்சலை மட்டும் பாத்துட்டுப் போறேனே, மாப்ள" என்று அவள் தம்பி எலெசானியிடம் கெஞ்சினான் லைசன்.

"எனக்கென்ன மாமா, இருங்கம்பேன். பெரியவங்க ஒத்துக்கணுமே. வெட்டி விதைச்சுட்டுக் கிளம்பச் சொல்றாங்க."

வெட்டினான். விறகைப் பெண்கள் அள்ளிப் போனார்கள். மிச்சமிருந்த தழையைப் பார்த்து எலெசானி, "கொளுத்துங்க மாமா, சாம்பல்தானே உரம்?" என்றான்.

"கொளுத்தினா உங்க அக்கா பட்ட பாடெல்லாம் புகையாப் போயிடும்டா."

தனியாகவே தழையை மண்ணுக்குள் கொத்தினான். அவள் உட்காரும் வரப்புப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கை ஓடாது. முதல் மழைக்கு விதைத்துவிட்டுக் கிளம்பினான்.

பிறந்த ஊரில் அவனுடைய அக்கா பிள்ளைகள் குடிசை கொடுத்தார்கள், மரியாதையாகக் களியும் கொடுத்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து தின்ன ஒருவரும் வரவில்லை. மழை பெய்த ஒவ்வொரு நாளும் அந்த நிலத்தில் எவ்வளவு பெய்ததோ என்று நினைத்துக்கொண்டான்.

பயிர் முற்றும் நேரத்தில் எலெசானி சைக்கிளில் ஒரு மூட்டைக் கதிரோடு வந்தான். ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

"சிரிச்சவங்க எல்லாம் இப்ப சிற்றகத்தி விதை கேக்குறாங்க, மாமா! பக்கத்து நிலம் மஞ்சளடிச்சுக் கெடக்கு, நம்மளது கருகருன்னு நிக்குது. வாங்க, வந்து பாத்துட்டுப் போங்க. ரெண்டு நாள் என் வீட்டுல தங்கிக்கலாம்."

லைசன் ஒரு கதிரின் தோலை உரித்தான். மணி நெருக்கமாகக் கட்டியிருந்தது. உரித்த தோலை மறுபடி மூடி வைத்தான்.

"எப்படிடா வர்றது? அந்த ஊருக்குள்ள விருந்தாளியா நடந்து எனக்குப் பழக்கமில்லையே."