உடனே புறப்பட்டு வரவும்

மதுரை பஸ் வந்து நின்றதும் ஐயாதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பூக்கூடையோடு ஒருத்தி, கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு இரண்டு பேர், தூக்கம் கலையாத ஒரு குடும்பம். கடைசியாகக் கண்டக்டர் இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "யாரத் தேடுதீக?" என்றான். ஐயாதுரை மதுரை ரோட்டைப் பார்த்தார். இது மூன்றாவது பஸ்.

வீட்டில் வெள்ளைத்தாயை ஐஸ் பாளத்தின்மேல் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போனது. மகன் வரட்டும் என்று ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பார்த்தாகிவிட்டது. பதினோரு மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த மூத்தவள் அழகுத்தாய், அழுது தொண்டை கட்டிப்போய், அம்மாவின் தலைமாட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாசலில் கொட்டுக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்ச ஆரம்பித்தபோது ஐயாதுரை சைக்கிளை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டார். பெண்டாட்டி நடுவீட்டில் கிடக்கப் புருஷன் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பது ஊரில் இல்லாத வழக்கம். அது அவருக்குத் தெரியும். ஆனால் மகன் சோலைராஜ் சிரித்துக்கொண்டே தெருவுக்குள் திரும்பிவிடக் கூடாது. அதற்கு முன்னால் அவனைப் பிடித்தாக வேண்டும்.

அவன் சிரித்துக்கொண்டுதான் வருவான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பையன் பட்டாளத்தில் சேர்ந்தது அவருடைய ஆசையால்தான். மில்லில் இருபத்திரண்டு வருஷம் பிட்டராக இருந்து பஞ்சுத்தூசி தின்ற மனுஷன். மகனும் அதே கேட்டுக்குள் நுழைய வேண்டாம் என்று நினைத்தார். ஆள் எடுப்பதற்கு முந்தின ஆறு மாதமும், விடிவதற்குள் சேத்தூர் ரோட்டில் அவன் ஓட, பின்னாலேயே சைக்கிளில் போனார். மூச்சு வாங்கி நின்றால் பெல்லை அடிப்பார். வெள்ளைத்தாய் இரண்டு முட்டையை அவித்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். "பிள்ளைய ஓட விட்டுட்டு இவுக சவாரி போறாக" என்பாள். எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் அவன் தேறி, டிரெயினிங்குக்காக ஊட்டிப் பக்கம் வெலிங்டனுக்கு ரயில் ஏறினான்.

புரட்டாசி கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. இன்லண்டு லெட்டரில் இடமே விடாமல் எழுதியிருந்தான். காலெல்லாம் கொப்புளம். குளிரில் விரல் மடங்கவில்லை. உஸ்தாது, அதாவது டிரெயினிங் குடுக்கிறவர், தன்னைக் கண்டால் மட்டும் கத்துகிறார். நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் மிச்சத்தை முடித்துவிடுவேன். ஆகவே அம்மாவுக்கு சீரியஸ், உடனே புறப்பட்டு வரவும் என்று ஒரு தந்தி குடுங்கள். இங்கே எல்லாப் பயல்களுக்கும் அப்படித்தான் தந்தி வருகிறது.

அதை வாசித்துக் காட்டியபோது வெள்ளைத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"குடுத்துட்டுப் போங்களேன். பாவம், புள்ள கால் புண்ணாகிக் கெடக்கான்."

"நீ சாகக் கெடக்கேன்னு நான் போயி எழுதிக் குடுக்கணுமா?"

"எழுதுனா செத்தா போவேன்? யாராச்சும் விசாரிக்க வந்தா ரெண்டு நாளு பாயில படுத்துக்கிடுதேன். எனக்கும் படுத்து எம்புட்டோ நாளாச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அன்று சாயங்காலம் மில் வாட்ச்மேன் சங்கிலிப்பாண்டியிடம் இதைச் சொன்னார். அவர் பட்டாளத்தில் அவில்தாராக இருந்து வந்தவர். விழுந்து விழுந்து சிரித்தார். "எண்ணே, என் சர்வீசுல எங்க ஆத்தா ஏழு தடவ சாகக் கெடந்தா. இன்னைக்கும் குத்துக்கல்லாட்டம் இருக்கா. குடுங்க, ஒண்ணும் ஆகாது."

ஐயாதுரை குடுக்கவில்லை. பாதியில் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டான் என்று நினைத்தார். அது ஒரு காரணம். பொய்த் தந்தி குடுத்தான் என்று நாலு பேர் பேசக் கூடாது என்பது இன்னொன்று. பதில் எழுதினார். நலம், நலமறிய ஆவல் எல்லாம் எழுதிய பிறகு கடைசியில் இப்படி எழுதினார்: "பெற்றவளைச் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லித்தான் நீ வீட்டுக்கு வர வேண்டும் என்றால், வரவே வேண்டாம்." எழுதி ஒட்டிய பிறகு, கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ என்று தோன்றியது. ஆனாலும் தபால் பெட்டியில் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சோலைராஜ் தந்தியைப் பற்றிப் பேசவில்லை. கடிதங்கள் சின்னதாகிவிட்டன.

கார்த்திகை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை வெள்ளைத்தாய் படுத்தாள். காய்ச்சல் என்றார்கள். கண் மஞ்சளான பிறகு கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை டாக்டர் ஐயாதுரையை வெளியே கூப்பிட்டு, "வெளியூர்ல யாரும் இருந்தா சொல்லி அனுப்பிருங்க" என்றார்.

ஐயாதுரை நேராகச் சங்கிலிப்பாண்டியிடம்தான் போனார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "கொடியத் தொட்டுச் சத்தியம் பண்ற பரேடு இருக்கு பாருங்க, அதுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான். இப்பக் கூப்பிட்டு, கூடக் கொஞ்ச நாள் ஆயிட்டுன்னா அடுத்த செட்டுல தள்ளிருவான். பொறவு பழையபடி முதல்லருந்து ஓடணும்" என்றார். பிறகு, "ஆனா தாய் விசயம். நீங்க பாத்துக்கிடுங்க" என்றார்.

ஐயாதுரை வியாழக்கிழமை வரை பார்ப்போம் என்று நினைத்தார். வியாழக்கிழமை அவள் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். ஆகவே வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்று நினைத்தார். இதற்கெல்லாம் அடியில் வேறொன்றும் இருந்தது. அந்தத் தந்தியைப் பார்த்ததும் மகன் என்ன நினைப்பான்? அப்பா மனசு இறங்கிட்டார் என்று நினைப்பான். தான் கேட்ட அதே வார்த்தைகள். அப்பா தோற்றுப்போனதாக அவன் நினைத்துக்கொள்வானே என்பது, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷனுக்கு ஒரு பெரிய விஷயமாக இருந்தது.

சனிக்கிழமை வெள்ளைத்தாய் கேட்டாள்: "தம்பிக்கு எழுதுனீகளா?"

"எழுதிட்டேன். வாரானாம்."

பொய்யே சொல்ல மாட்டேன் என்று இருந்தவர் வாயில் அது தடையில்லாமல் வந்தது. அதன் பிறகு வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை திருப்பினாள். அதன் பிறகு நினைவு தப்பிவிட்டது.

திங்கள்கிழமை தந்தி ஆபீஸ் திறந்ததும் போனார். படிவத்தை வாங்கிப் பார்த்த கிளார்க், விலாசத்தில் வெலிங்டன் என்று இருந்ததைக் கண்டதும் நிமிர்ந்தார். "நெசமாவேவா, இல்ல லீவுக்கா? கோவிச்சுக்காதீங்க. இந்த ஊருல பட்டாளத்துப் பையனப் பெத்தவுகளுக்குத்தான் அடிக்கடி சீரியஸ் ஆகுது" என்றார். ஐயாதுரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளார்க் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

நாலாவது பஸ் வந்தது.

சோலைராஜ் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தான். ஐயாதுரைக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. தோள் அகன்றிருந்தது. ஒட்ட வெட்டிய தலையில் காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"அப்பா! நீங்களே வந்துட்டீக?" கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "குடுக்க மாட்டேன்னு எழுதுனீக, பொறவு குடுத்துட்டீகளே. உஸ்தாது நாலு நிமிசம் என்னையவே பாத்தாரு. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். அழுகைகூட வந்துட்டுப்பா, நெசமாவே!"

ஐயாதுரை வாயைத் திறந்தார். அவன் நிறுத்தவில்லை.

"இப்பக் கால் சரியாப்போச்சு. பரேடு முடிச்சுட்டே வந்திருக்கலாம். ஆனா நீங்க குடுத்துட்டீகன்னதும் எனக்கு இருக்க முடியல. அம்மாவ எங்க, வீட்ல படுக்கப் போட்டிருக்கீகளா? அவளுக்குச் சிரிப்பு அடங்காதே. காட்டிக் குடுத்துருவாளே."

பஸ் ஸ்டாண்டில் செங்கோட்டை போகிற வண்டிக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐயாதுரை சைக்கிள் ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா" என்றான் சோலைராஜ். "திரும்பிப் போகையில ஆபீசுல டாக்டர் சீட்டு கேப்பாங்க. யாரையாச்சும் பிடிச்சு ஒண்ணு வாங்கிரணும். கெடைக்குமா?"

"சீட்டு இருக்கு" என்றார் ஐயாதுரை.

"வாங்கிட்டீகளா? அதுக்குள்ளயா?"

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. நேத்து."

சோலைராஜ் சிரித்தபடியே அவரைப் பார்த்தான். மழிக்காத முகத்தைப் பார்த்தான். மில்லுக்குப் போகிற நேரத்தில் வெறும் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். செருப்பில்லாத காலைப் பார்த்தான். சிரிப்பு உடனே போகவில்லை. போக இடம் தெரியாததுபோல முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"எந்த டாக்டரு?" என்று கேட்டான். அதைக் கேட்டதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

பிறகு அவர் கையிலிருந்து சைக்கிளை வாங்கினான். பையை ஹாண்டில்பாரில் மாட்டினான். "ஏறுங்க" என்றான். ஐயாதுரை பின்னால் ஏறி உட்கார்ந்தார். மகன் மிதித்தான். கடைத்தெருவில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. தெரிந்த ஒருவர் ஐயாதுரையைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கி, நினைவு வந்து பாதியில் இறக்கிக்கொண்டார்.

"எப்பப் படுத்தா?" முன்னாலிருந்து குரல் வந்தது. அவன் திரும்பவில்லை.

"சனிக்கிழம. இந்தச் சனி இல்ல, அதுக்கு முந்துன சனி."

சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"திங்கக்கெழமதான தந்தி குடுத்திருக்கீக."

"ஆமா."

"டாக்டர் எப்பச் சொன்னாரு?"

இப்போதும் ஒரு பொய் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை சொன்னார் என்றால் அவன் நம்புவான். மகனுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும். ஐயாதுரை அவன் முதுகைப் பார்த்தார். மிதிக்கும்போது சட்டைக்குள் எலும்பு ஏறி இறங்கியது.

"புதன்கிழம" என்றார்.

சோலைராஜ் மிதிப்பதை நிறுத்தவில்லை. தெருமுனை வந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற பெண்கள் அவனைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அழகுத்தாய் கட்டிப்போன தொண்டையோடு, "தம்பி, ஒன் பேரச் சொல்லிச் சொல்லியே போயிட்டாளேடா" என்று கத்தினாள். அவன் சைக்கிளைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

அவன் பெரிதாக அழவில்லை. தலைமாட்டில் குத்தவைத்து, ஐஸ் தண்ணீர் நனைத்திருந்த அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிழிந்து, திரும்பவும் தோளில் போட்டுவிட்டான். எல்லாச் சடங்கிலும் சொன்ன இடத்தில் நின்றான், சொன்னதைச் செய்தான். யார் பேசினாலும் தலையாட்டினான். ஐயாதுரை நின்ற பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை.

சுடுகாட்டில், கொள்ளி வைப்பதற்கு முன்னால், நாவிதர் இருளப்பசாமி அவனைக் கல்லில் உட்கார வைத்தார். ஒரு கிண்ணம் தண்ணீரைத் தலையில் தெளித்துத் தேய்த்தார். கை நின்றது. ஒட்ட வெட்டிய தலையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். மேலுதட்டைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும் அங்கேயே எடுத்துட்டாங்களேப்பா" என்றார் மெதுவாக.

"இருக்கிறத எடுங்க" என்றான் சோலைராஜ்.

கத்தி நாலைந்து தடவை ஓடியது. அவ்வளவுதான். உள்ளங்கை அளவு மயிர்கூட விழவில்லை. தண்ணீர் மட்டும் அவன் நெற்றியிலும் கன்னத்திலும் வழிந்து மண்ணில் சொட்டியது. பக்கத்தில் நின்ற ஐயாதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

சோலைராஜ் அதை வாங்கவில்லை. தள்ளவும் இல்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐயாதுரை நீட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார்.