மாடசாமியின் பன்றிக்கு வயிறு சரியில்லை

ராஜபாளையத்துக்கு ரயிலும் வராத, மில்லும் வராத காலம். செட்டியார்பட்டியில் பன்றி வளர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தோம். என் பெண்டாட்டி சுடலையம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அப்பன் வீட்டிலிருந்து ஒரு தாய்ப்பன்றியைக் கயிற்றில் பிடித்து நடத்தியே கூட்டிவந்திருந்தாள். எங்களுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். ஏழு குட்டி போட்டிருந்தது.

ஊரில் காவல் தெய்வம் மாடசாமிக்கு, ஆடிக் கொடைத் திருவிழாவில் அறுப்பதற்கென்று நேர்ந்துவிட்ட ஆண் பன்றி ஒன்று திரிந்தது. அதைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. வாசலுக்கு வந்தால், நம் பன்றியின் தொட்டியில் நம் பன்றி வாய் வைக்கும் முன்னே அதற்குத்தான் முதல் கூழ். ஜமீன்தார்கூட அப்படி வாழ்ந்திருக்க மாட்டார்.

ஆடி பிறந்ததும் அதற்குக் கழிச்சல் கண்டது. ரத்தமும் சளியுமாகப் பீச்சிக்கொண்டே வீடு வீடாக விருந்துக்குப் போனது. அது போன வீடுகளில் நாலைந்து நாளில் மற்றப் பன்றிகளும் கழியத் தொடங்கின. மாடனுக்குக் கோபம் என்றார் சாமியாடி கருத்தையா. உடனே நாங்கள் மாடன் பன்றிக்கு இன்னும் ஒரு சட்டி கூழ் ஊற்றினோம். எங்களைப் போன்ற மடையர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் குட்டிகளில் மூன்று செத்தன. கூழ் ஊற்றியது என் கைதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"அது பேண்ட எடத்துலதான் நோவு வருது. கோவம் சாமிக்கு இல்ல, அந்தப் பன்னி வயித்துக்கு" என்றாள் சுடலையம்மாள். தாயையும் மிச்ச நாலு குட்டியையும் கொல்லைக்கு மாற்றிச் சுற்றிலும் முள் அடைத்தாள். சாமி பன்றியை மறித்த பாவி என்று ஊரே ஏசியது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒன்றும் கழியவில்லை. முள்ளைப் பிரிக்க வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை மாடனிடமே கேட்பது என்று ஊர் முடிவு செய்தது.

உச்சிவேளையில் கருத்தையா மேல் மாடன் இறங்கி ஆடினார். சுடலையம்மாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அந்தப் பன்றியின் கழிச்சலை அள்ளிக்கொண்டு நேரே போய் அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"சாமி, செவ்வாக்கெழமை கொடை. இந்தப் பன்னியத்தான் அறுக்கணும். மொத ரத்தம் நீங்கதான் குடிக்கணும். நல்லா மோந்து பாத்துக்கிடுங்க."

ஆட்டம் நின்றது. உடுக்கை அடித்தவனும் நிறுத்திவிட்டான்.

"இந்தப் பன்னிய ஊருக்கு வெளிய கொண்டுபோய்க் கட்டுங்கலே" என்றார் மாடன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் மாடன் முடிக்கவில்லை. "எனக்குப் பழுதில்லாத பன்னி வேணும். ஒங்க கொல்லையில நிக்கிற தாய்ப்பன்னியக் குடு."

சுடலையம்மாள் வாய் சளைக்கவில்லை. "அதுக்கும் நேத்துலேருந்து போகுது சாமி."

மாடன் என் பக்கம் திரும்பினார். "ஏலே பால்ச்சாமி, நீ சொல்லு. அவ சொல்லுதது நெசமா?"

அதுவரை நான் சாமி முன்னால் பொய் சொன்னதில்லை. நான் குழி தோண்டிப் போட்ட மூன்று குட்டிகளும் கண்ணுக்குள் வந்தன.

"ரத்தமாப் போகுது சாமி" என்றேன். "நீங்க குடிக்கதா இருந்தா இப்பமே பிடிச்சாந்துருதேன்."

மாடன் சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, இந்த வருசம் இளநீர் போதும் என்று சொல்லிவிட்டு, கருத்தையாவை விட்டு மலையேறிவிட்டார்.