ரிஃபானாவின் பத்மினி

தௌஹீத் குவைத் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்று, வீட்டு வாசலில் கார் இல்லை. தகரக் கொட்டகை மட்டும் காலியாக நின்றது. அதைப் பார்த்ததும் அவன் மனசு லேசானது. வருஷக்கணக்காகப் போனில் சொல்லி வந்த காரியம் ஒருவழியாக நடந்துவிட்டது, ரிஃபானா அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

கல்யாணமான புதிதில், முதல் விடுமுறைக்கு வந்தபோது அவன் வாங்கிய பிரீமியர் பத்மினி அது. அவனிடம் வரும்போதே இரண்டு கை மாறியிருந்தது. ஓட்டியதைவிட அதன் மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டதுதான் அதிகம். பிறகு அவன் வருவதும் போவதுமாக இருக்க, கார் நின்ற இடத்திலேயே நின்றது. காரைக்கால் கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. கதவுகளின் அடிப்பாகம் அப்பளமாக நொறுங்கியது. கஜா புயலில் கொட்டகைத் தகரம் பறந்து, தென்னை மட்டை விழுந்து முன்கண்ணாடியும் போனது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அதைப் பார்க்காத மாதிரியே வீட்டுக்குள் போய்விடுவான்.

இந்த முறை பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவன், கூடத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

கார் வீட்டுக்குள் இருந்தது. நான்கு கதவுகளும் சுவரோரம் சாய்ந்திருந்தன. கனத்த தேக்கு மேசை மேல் இன்ஜின். சோபாவில் கிரில்லும் இரண்டு முகப்பு விளக்குகளும் விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. திறந்திருந்த பின்வாசல் வழியாகப் பார்த்தால், கொல்லையில் காரின் வெற்றுடம்பு மரக்கட்டைகள் மேல் நின்றது.

"என்னா இது?" என்றான்.

"கொஞ்சம் வேலை நடக்குதுன்னு சொன்னேனே, மச்சான்."

"கொஞ்சம் வேலைன்னா வெள்ளை அடிக்கிறியோன்னு நெனைச்சேன்."

"அதெல்லாம் அப்புறம். கை கழுவிட்டு வாங்க, சோறு எடுத்து வைக்கிறேன். தரையிலதான் உக்காரணும்."

ரிஃபானா குரும்பகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. கணவன் வெளிநாட்டில், மகள் சென்னையில் விடுதியில் என்று ஆன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். யாரிடமும் எதையும் கேட்டுக்கொண்டு நிற்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஆனால் கார் பிரிக்கிற அளவுக்கு அது போகும் என்று தௌஹீத் நினைத்திருக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு கொல்லைப்பக்கம் போனான். அங்கே ஒரு பெரிய நீல டிரம்மில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சக்கரத்தின் இரும்பு வட்டம் ஒன்று கம்பியில் தொங்கியது. பக்கத்தில் பேட்டரி சார்ஜர். என்ன கூத்து இது என்று நினைத்தபடி சிகரெட்டை வாயில் வைத்துத் தீப்பெட்டியை உரசப் போனான்.

"அங்கயே நில்லுங்க" என்றாள் ரிஃபானா. சத்தம் போடவில்லை. ஆனால் அவன் கை நின்றுவிட்டது. "அந்தக் குமிழியில வர்றது ஹைட்ரஜன். பத்திக்கும்."

பிறகு அவளே சொன்னாள். தண்ணீரில் சலவைச் சோடா கலந்திருக்கிறது. சார்ஜரின் ஒரு முனை சக்கரத்தில், இன்னொரு முனை வேண்டாத இரும்புத் துண்டில். மின்சாரம் ஓட ஓட, துரு தானாகக் கழன்று வரும். தேய்க்க வேண்டாம், நல்ல இரும்பும் தேயாது. மறுநாள் காலையில் அந்தச் சக்கரத்தை வெளியே எடுத்து பிரஷால் ஒரு தடவு தடவினாள். கருஞ்சேறு மாதிரி வழிந்துபோய், உள்ளே இரும்பு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. தௌஹீத் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடையில் வாங்கின மாதிரி இருந்தது.

இது எதற்காக என்பதை அவன் அக்கா மஹ்பூபா வந்தபோதுதான் தெரிந்துகொண்டான். போன மழைக்காலத்தில் குரும்பகரம் ரோட்டில் ரிஃபானாவின் ஸ்கூட்டி வழுக்கி, வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கட்டு பிரிக்கும்வரை இடது கையிலேயே போனைப் பிடித்து அவனோடு பேசியிருக்கிறாள். படத்தில் முகம் மட்டும்தான் தெரியும். அவனும் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

"ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னா நீங்க அங்க என்னா பண்ணுவீங்க? சோறு எறங்காம கெடப்பீங்க." இன்ஜின் மேல் குனிந்தபடியே பதில் சொன்னாள். "கட்டோட லீவுல உக்காந்திருந்தேன். வாசல்ல பார்த்தா கார் நிக்குது. எனக்கு வேண்டியது கார். அப்புறம் என்னா?"

முதலில் ஒரு மெக்கானிக்கை அழைத்துக் காட்டினாளாம். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல காருன்னு சொல்றதுக்கு நம்பர் பிளேட்டுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவள் ஸ்பானரைக் கையில் எடுத்தது. கம்பெனியின் பழைய பழுதுநீக்கும் புத்தகத்தை இணையத்தில் தேடிப் பிடித்தாள். மும்பையிலும் கோலாப்பூரிலும் இதே காரை வைத்துக் கட்டி அழுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாள். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் பழைய தயிர் டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று மூடியில் எழுதி வைத்தாள்.

"தம்பி ஆசையா வாங்குன மொத காரு. அந்தப் பாசந்தான்" என்றாள் மஹ்பூபா.

"பாசமெல்லாம் இல்ல லாத்தா. இதுக்குள்ள கம்ப்யூட்டர் கெடையாது. பிரிச்சுப் பார்த்தா புரியுது. அதான்."

மறுவாரம் முதல் தௌஹீத்தும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். வேறு வேலையும் இல்லை. விளக்கைப் பிடித்தான், நட்டுக்கு எண்ணெய் விட்டான், கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரிஃபானா புடவையை மாற்றி, பழைய நைட்டிக்கு மேல் அவனுடைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். இருட்டும்வரை ஓயமாட்டாள். இருபது வருஷத்தில் மொத்தமாக எத்தனை மாதம் இவளோடு ஒரே வீட்டில் இருந்திருப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. அவள் ஒன்றை யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

காரின் தரைத்தகடு முழுக்கப் போயிருந்தது. அதற்குக் கருக்களாச்சேரியிலிருந்து காத்தமுத்து வந்தார். படகு இன்ஜின்களுக்கு வெல்டிங் செய்கிறவர். பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். ரிஃபானா கேட்டபடி நான்கு சீட்டுக்கும் பெல்ட் மாட்டத் தடித்த இரும்புப் பட்டை வைத்தும் பற்றவைத்தார். பழைய காரில் பெல்ட்டே கிடையாது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைக்கவேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். அதைத் தாங்கும் துண்டை அட்டையில் வெட்டி, மாட்டிப் பார்த்து, மறுபடி வெட்டி, அளவு சரியான பிறகே லேத்துக்குக் கொடுத்தாள்.

"அக்கா அளவு எடுத்தா நான் மறுபடி எடுக்குறதில்ல" என்று தௌஹீத்திடம் சொன்னார் காத்தமுத்து. "நான் சொல்றதையும் அவங்க அப்படியே ஏத்துக்க மாட்டாங்க. ஏன், எதுக்குன்னு கேட்டுட்டுத்தான்."

பேட்டரியை ஏற்றும் பழைய டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. மங்கின விளக்குகள் போய் வெளிச்சமான விளக்குகள் வந்தன. உருவத்தை மட்டும் அவள் தொடவில்லை. அதே வட்ட விளக்கு, அதே குரோம் பட்டை, பழைய வெண்ணெய் நிறம்.

கார் முழுசாகச் சேர்ந்து நின்ற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். தௌஹீத்தான் அழைத்திருந்தான். ரிஃபானா வேண்டாம் என்றுதான் சொன்னாள். மஹ்பூபா தட்டில் சர்க்கரை வைத்திருந்தாள். ரிஃபானா பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினாள். முதலில் இருமியது. இரண்டாவது முறை நடுங்கியது. பிறகு பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கொல்லை முழுக்க அந்தச் சத்தம். யாரோ தௌஹீத்தின் முதுகில் தட்டினார்கள்.

"நாகூர் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்றான் அவன். மஹ்பூபா அதற்குள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ரிஃபானா இன்ஜினை நிறுத்தினாள்.

"லாத்தா, எறங்குங்க."

"ஏன்?"

"பெட்ரோல் வாசம் வருது."

"பெட்ரோல் காருன்னா பெட்ரோல் வாசம் வராம?" என்று சிரித்தான் தௌஹீத்.

அவள் சிரிக்கவில்லை. பானெட்டைத் திறந்து குனிந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் காத்திருக்காங்க ரிஃபானா. பீச் வரைக்கும் மட்டும். வந்து பார்த்துக்கலாம்."

"முடியாது மச்சான்."

அவனுக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை பேர் நடுவில், ஒரு பேச்சுக்குக்கூட மதிப்பில்லையா என்று நினைத்தான். அதற்குள் அவள் பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஒரு சாண் ரப்பர் குழாயை விரலால் தடவி, அந்த விரலை அவன் முன் நீட்டினாள். ஈரம். குழாயை மடக்கிக் காட்டினாள். மேலே பளபளவென்று இருந்தது. மடிப்பில் மெல்லிய வெடிப்புகள். நேர்கீழே புகைக்குழாய், கை வைக்க முடியாத சூட்டில்.

தௌஹீத் பின் சீட்டைப் பார்த்தான். மஹ்பூபா இறங்கியிருந்தாள், அவளுடைய சர்க்கரைத் தட்டு மட்டும் அங்கேயே இருந்தது. அவன் கோபம் போன இடம் தெரியவில்லை.

ரிஃபானா நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "தப்பு என்னோடது. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க. பழைய ரப்பரை அது தின்னுடும். மத்த குழாயெல்லாம் மாத்துனேன். இது பார்க்கப் புதுசா இருந்துச்சுன்னு விட்டுட்டேன். பார்த்து முடிவு பண்ணியிருக்கக் கூடாது. நான் பாடம் நடத்துற விஷயம் இது. இன்னிக்கு வண்டி போகாது. எல்லாரும் உள்ள வாங்க, டீ போடுறேன்."

ஒரு பெரியவர், "இத்தனை நாள் பாடுபட்டது வீணாப்போச்சே" என்று முணுமுணுத்தார். அவள் அதைக் காதில் வாங்காமல் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

மறுநாள் காலை தௌஹீத் எழுந்து வந்தபோது கார்புரேட்டர் மறுபடி மேசைக்கு வந்திருந்தது. ஒரு குழாயை மாற்றினால் போதும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் ஒப்பவில்லை. ஒன்று தப்பியிருந்தால் இன்னொன்றும் தப்பியிருக்கலாம் என்றாள். பெட்ரோல் படுகிற ரப்பர், கேஸ்கெட், வால்வு எல்லாவற்றையும், தான் ஏற்கெனவே மாற்றியதையும் சேர்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எத்தனாலைத் தாங்கும் குழாய் கோயம்புத்தூரிலிருந்து வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டாள். பக்கத்தில் பழைய குழாய் போட்ட இன்னொரு பாட்டில். அது நாளாக நாளாக உப்பி, பிசுபிசுத்துப் போனது. புதியது போட்டபடியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மாட்டினாள். உறவுக்காரர்கள் தெருவில் பார்த்தால், "கார் என்னாச்சு?" என்று கேலியாகக் கேட்டார்கள். தௌஹீத் ஆரம்பத்தில் குனிந்துகொண்டு போனான். அப்புறம், "அவ சரின்னு சொல்லட்டும். அப்பதான் எடுப்போம்" என்று நின்று பதில் சொல்ல ஆரம்பித்தான்.

மழை விட்டு, தை பிறந்த பிறகு அவள் சரி என்றாள். அழைப்பு யாருக்கும் இல்லை. பதிவைப் புதுப்பிக்க வண்டியைப் பார்த்த அதிகாரி, பிரேக்கைச் சோதிக்கும்போது கார் சட்டென்று நின்ற வேகத்தில் முன்னால் சாய்ந்தார். இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் காரைக்கால்மேட்டுக்கு மீன் வாங்கப் போனார்கள். ரிஃபானா ஓட்டினாள். தௌஹீத் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான். கார் குலுங்கவில்லை, எங்கும் எதுவும் கிறீச்சிடவில்லை. ஏலம் நடக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு வாளை மீனும் கொஞ்சம் இறாலும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அதற்குள் காரைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்திருந்தார்கள். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு கடல் பார்க்க வந்த ஒருவர், குனிந்து குரோம் பட்டையில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். தௌஹீத்தைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"சார், பிரமாதமா வச்சிருக்கீங்க. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, கெடந்து போச்சு. எந்த ஷெட்ல குடுத்துச் செஞ்சீங்க?"

"ஷெட்ல இல்லைங்க. எங்க வீட்ல செஞ்சாங்க" என்று தௌஹீத் ரிஃபானாவைக் காட்டினான். "தரைத்தகடு மட்டும் வெல்டர் வச்சாரு. மீதி எல்லாம் இவங்க கைதான். எங்கிட்ட கேக்காதீங்க, எனக்கு ஸ்பானர் எடுத்துக் குடுக்கத்தான் தெரியும். அவங்கள கேளுங்க."

அந்த மனிதர் ஒரு கணம் திகைத்து, பிறகு முழுசாக அவள் பக்கம் திரும்பினார். "மேடம், டிஸ்க் பிரேக் எப்படிப் பொருந்துச்சு?"

ரிஃபானா மீன் பையைத் தௌஹீத்திடம் கொடுத்துவிட்டு, முழங்கைவரை புர்காவின் கையை ஏற்றிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். "பிரேக் இருக்கட்டுங்க, மொதல்ல உங்க பெட்ரோல் குழாயைப் பத்திச் சொல்லுங்க. எப்ப மாத்துனீங்க?" என்று தொடங்கினாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன, அவளும் நிறுத்துவதாக இல்லை. தௌஹீத் எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போய் ஐஸ் வாங்கிவந்து மீன் பையில் கொட்டினான். பிறகு கூட்டத்தின் ஓரமாக, அவள் பேசுவது நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.