ஏழரையின் பழைய பெட்டி

பன்விலை தாண்டி இறங்கும் வளைவில் ருஷ்தி ஓட்டிய வான் ஒரு குலுக்குக் குலுக்கியது. தனபாலனின் மேலுதட்டில் ரேசர் வழுக்கி இரத்தம் எட்டிப் பார்த்தது.

“மச்சான், கழுத்த வெட்டிக்காத. இன்டைக்கி ஜனாஸா அடக்க டைம் இல்ல,” என்றான் ருஷ்தி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தனபாலன் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். வானின் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். பாதி மீசை போயிருந்தது. மீதிப் பாதி கண்டிக்குள் நுழைவதற்கு முன் போயாக வேண்டும். பின்னால், ருஷ்தியின் கடைக்குப் போகிற மிளகு மூட்டைகளுக்கு நடுவில், சின்ன அலுமாரி அளவில் ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு வந்தது. இசைக்குழு கலைந்த பிறகு மடுல்கெல்லவில் தோட்டத்துக் கோயிலில் அம்மன் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெட்டி. விடிந்தால் பூசைக்குத் திரும்பி வந்துவிடும் என்று கோயில் தலைவரிடம் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்து கொடுத்துத் தூக்கி வந்திருந்தார்கள்.

மீசை, பெட்டி, இரண்டுமே, பழைய குழு இன்றிரவு மறுபடி ஏறும் மேடைக்கு வருவதற்கு சுபாஜினி போட்ட நிபந்தனை.

“வாறன். என்ர கதிரைக்குப் பின்னால எங்கட பழைய பேஸ் பெட்டி நிக்கவேணும். வேற பெட்டி வேண்டாம். போஸ்டரில பாத்தன், உம்மட மீசை வாயை மூடிக்கொண்டு கிடக்கு. எடுத்திட்டு வாரும்.” நேற்று மத்தியானம் வந்த மெசேஜ். எட்டு வருடத்தில் அவளிடமிருந்து வந்த மிக நீளமான பேச்சு அதுதான்.

‘ஏழரை’ என்று இசைக்குழுவுக்குப் பெயர் வைத்ததே அவள்தான். ஜாஸ் பாதி, நம்மூர் தாளம் பாதி, சுற்றுக்கு ஏழரை எண்ணிக்கை. சனியனைக் கூப்பிட்டா மேடையேற்றுகிறீர்கள் என்று தனபாலனின் அம்மா தலையில் கைவைத்தார். கண்டி மஹய்யாவவில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னறைதான் ஒத்திகைக் கூடம். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த தனபாலன் பேஸ் கிட்டார். மிளகு வியாபாரியின் மகன் ருஷ்தி ட்ரம்ஸ். சக்ஸபோனில் நாதஸ்வரக் கமகம் ஊதுகிற றொசான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இன்ஜினியரின் மகள் சுபாஜினி, கீபோர்ட். முதல் மேடை பல்லேகலவில், ஒரு தொழிற்சாலையின் வருடக் கடைசிப் பார்ட்டி. பைலா ஆட்டப்பாட்டுக் கேட்ட கூட்டத்துக்கு ஏழரையைப் போட்டார்கள். ஆடியவர்கள் எல்லாரும் அந்த அரை எண்ணிக்கையில் கால் தடுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். விழுந்தவர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்குப் பிறகு கண்டியில் ஏழரைக்கு ஏறுமுகம்தான்.

தனபாலன் மனதில் இருந்ததை அவளிடம் சொன்னதில்லை. அவள் அவன் விரல்களைப் பார்த்து வாசிப்பாள், அவன் அவள் முகத்தைப் பார்த்து வாசிப்பான். அது போதும் என்று இருந்துவிட்டான்.

பிறகு அவள் பாட்டுக்குள் நுழைய வேண்டிய இடங்களில் பிந்தத் தொடங்கினாள். ஒருநாள் ஒத்திகை நடுவில் கீபோர்டை மூடினாள். “இனி ஏலாது” என்றாள். அடுத்த கிழமை குடும்பமே யாழ்ப்பாணம் போய்விட்டது. கல்யாணம் என்றார்கள், கனடா என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றும் செய்தி வந்தது. ஏழரை அதோடு கலைந்தது.

அவன் அவளுக்குப் போனில் கோல் எடுத்தான். பொங்கலுக்கு, பெரஹரா ஊர்வலம் முடிந்த அன்று, காரணமே இல்லாத மழை நாட்களில். ஒருமுறைகூட அவள் எடுத்ததில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஒற்றைச் சொல் வந்து நிற்கும்: “இருக்கிறன்.” அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு காலம் ஓட்டுவான்? தனபாலன் எட்டு வருடம் ஓட்டியிருந்தான். ஏன் போனாள் என்று இன்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் ரேசரைக் கையில் எடுத்தான்.

வாவிக்கரை ஹோட்டல் மண்டபத்தில் அவள் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பு மேடைக்குக் கீழே கிடந்தது. வெறுங்கால். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஏறிய ருஷ்தி பெரிதாக ஒரு சலாம் போட்டான். அவள் திரும்பவில்லை.

“கோவம் இன்னும் தீரல்ல போல,” என்று முணுமுணுத்தான்.

மண்டபத்து ஸ்பீக்கரிலேயே பேஸ் நன்றாக வரும், இந்தக் குப்பை எதற்கு என்றான் சவுண்ட்காரன். தனபாலன் காதில் வாங்காமல் இரண்டுக்கும் வயர் கொடுத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றான். அவள் பார்வை அவன் உதட்டில் விழுந்து அங்கேயே நின்றது.

“வெட்டிப்போட்டீர்,” என்றாள் மெதுவாக. “பரவாயில்ல. இப்பதான் வடிவாத் தெரியுது.”

கேட்க வாயெடுத்தான். மண்டபத்து விளக்கு அணைந்தது.

‘பன்விலை பஸ்’ என்ற தங்கள் பழைய உருப்படியைத் தொடங்கினார்கள். முதல் சுற்றிலேயே மண்டபம் நிமிர்ந்தது. அவள் விரல்கள் ஒரு வருடம்கூட விலகியிருந்தவை போலத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில், ஊதிக்கொண்டே பின்வாங்கிய றொசானின் கால் வயரில் மாட்டியது. பழைய பெட்டி அடங்கிப்போனது.

கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. மண்டபத்து ஸ்பீக்கர்களில் பேஸ் கணீரென்று வந்துகொண்டிருந்தது. ருஷ்தி அடித்து நொறுக்கினான், சக்ஸபோன் உச்சத்தில் நின்றது. சுபாஜினியின் கைகள் மட்டும் கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டன.

அவள் திரும்பி, சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரிப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

தனபாலன் அவள் கையையும் கழன்று கிடந்த வயரையும் மாறி மாறிப் பார்த்தான். வாசிப்பை விட்டு முழங்காலில் விழுந்து வயரைச் செருகினான். எழுந்து தடித்த தந்தியை இழுத்து அடித்தான். பெட்டி உறுமியது. மேடைப் பலகை அதிர்ந்தது. அவளுடைய கால் பெருவிரல் பலகையில் எண்ணத் தொடங்கியது. அடுத்த சுற்றில், சரியாக அந்த அரை எண்ணிக்கையில், உள்ளே வந்தாள். அதன்பிறகு கடைசிவரை அவன் பெட்டியை விட்டு நகரவில்லை.

கைதட்டல் ஓயாத நேரத்தில் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். இத்தனை வருடம் தேக்கிய கேள்வியைச் சத்தம் துளிகூட வெளியே வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்:

“ஏன் போனீங்க, சுபா?”

பக்கத்தில் நின்ற ருஷ்தியின் காதில்கூட அது விழவில்லை. அவள் கண்கள் நிறைந்தன.

“சொல்லியிருந்தா நீரும் பேஸைத் தூக்கி மூலையில வச்சிருப்பீர். நீர் கோல் எடுக்கிற நேரமெல்லாம் போன் வெளிச்சம் நூந்து அணையுமட்டும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், தனா,” என்றாள். “எட்டு வருசமா எனக்கு ஒண்டும் கேக்கிறேல்ல.”