சத்தமில்லாத சாயங்காலங்கள்

வீடு அமைதியாக இருந்ததுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

மருந்துக்கடையில் வேலை முடித்து மாடிப்படி ஏறும்போதே மகளின் அலறல் கீழ்த்தளம் வரை கேட்கும். அதுதான் வழக்கம். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துணிப்பட்டி உரசினால் அலறல். காலுறைத் தையல் விரலில் பட்டால் அலறல். மேல்வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவாள். தலைவாருவதென்றால் அக்கம்பக்கமே எட்டிப் பார்க்கும். ஆறு வயது. வீட்டில் செல்லப் பெயர் வாலு. "பிடிவாதம்னு நினைக்காதீங்க. நமக்கு லேசாப் படுறது அவளுக்குப் பல மடங்காப் படுது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டதால் அலறல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

துணிக்கிடங்கில் பொதி தூக்கும் கணவனுக்கு வேலை நேரம் காலைக்கு மாறியது. மதியம் பள்ளி விட்டதும் வாலுவை அவனே அழைத்து வந்தான். அப்போதிருந்துதான் இந்த அமைதி. அவள் வரும்போது வாலு ஜன்னலோரம் சாய்ந்து, கண் பாதி சொருகி, சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். சீப்பை எடுத்தால் தலையைக் கொடுப்பாள். வேறு ஒரு தாயாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவள் பயந்தாள்.

காரணம், அவள் பார்க்கும் வேலை. யாராவது ஒருவர் கடை மேசை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "அந்தச் சளி மருந்து இருக்குல்ல, குடிச்சா தூக்கம் வருமே, அது ஒண்ணு குடுங்க. குழந்தை ரொம்பப் படுத்துது." அந்தக் குரல் அவளுக்கு அத்துப்படி. எத்தனையோ பேரைக் கடிந்து அனுப்பியிருக்கிறாள்.

"ஏங்க, இன்னைக்கு வாலு என்ன பண்ணா?"

"சும்மாதான் இருந்தா."

"சும்மாவா? இவளா?"

"ம்."

கணவன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். ஆனால் இப்போது அவன் கண்ணைப் பார்த்தும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டி, அவள் சட்டையைத் தானே துவைத்துப் போடுகிறான். இதுவும் புதுசு. வாலுவின் கையில், தோளுக்குக் கீழே, எதையோ அழுத்திய சிவந்த தடம் ஒன்றும் தெரிந்தது.

எதிர்வீட்டு அக்கா வேறு திரியைக் கொளுத்திப் போட்டாள். "மத்தியானம் உங்க வீடு பூட்டித்தானே கிடக்கு? ஸ்கூல் விட்டு எங்கேயோ கூட்டிட்டுப் போறாரு போல."

அன்று மாலை மகளிடம் மெல்லக் கேட்டாள். "வாலு, அப்பாவோட எங்கே போனே?"

"சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கணவன் குளிக்கப் போனதும் அவன் பையைத் துழாவினாள். துண்டு, கையுறை, தண்ணீர் பாட்டில். மூடியைத் திறந்து முகர்ந்தாள். வெறும் தண்ணீர். மனசு ஆறவில்லை. மருந்தை வீட்டுக்கா கொண்டுவருவான்? மகள் வாயையும் முகர்ந்து பார்த்தாள். "அம்மா, மூச்சு குத்துது" என்று வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து பாதியில் கிளம்பி, பள்ளிக்கு எதிரே நின்றாள். அப்பாவும் மகளும் வந்தார்கள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கிடங்கின் பின்பக்கம் போய், சின்னக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார்கள். கொஞ்சம் பொறுத்து இவளும் நுழைந்தாள்.

உள்ளே அரையிருட்டு. புதுத்துணி வாடை. கூரை வரை பொதிகள். எங்கிருந்தோ குழந்தை முனகும் சத்தம். சத்தம் வந்த திசையில் போனாள். துணி மூட்டை ஒன்றின் மேல் கணவன் தன் பாரத்தைப் போட்டுச் சாய்ந்திருந்தான். அடியிலிருந்து வாலுவின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஐயோ, கொல்றீங்களா!"

கத்திக்கொண்டே போய் மூட்டையை இழுத்தாள். உள்ளே முனகிய குழந்தை இப்போது அலறியது. அதே பழைய அலறல். அள்ளித் தூக்கப் போன அம்மாவின் கையை நறுக்கென்று கடித்தது.

"பேசாதே. தள்ளி நில்லு" என்றான் கணவன், தாழ்ந்த குரலில். மகளைத் தொடவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தான். அலறித் தீர்ந்ததும் வாலு தானாகவே ஊர்ந்து இரண்டு பொதிகளுக்கு நடுவே புகுந்துகொண்டாள். தலை மட்டும் வெளியே இருந்தது.

"அப்பா, அமுக்கு. இன்னும்."

அவன் மூட்டையை மேலே வைத்துச் சாய்ந்தான். குழந்தையின் மூச்சு நிதானமானது. முறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் விரிந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"தூசி, இருட்டு, மூட்டை. சொன்னா விட்டிருப்பியா? மேஸ்திரிக்குத் தெரிஞ்சா எனக்கு வேலையும் போயிடும்."

"கையில அந்தத் தடம்?"

"பொதி கட்டுற கயிறு. அதுல போய்ச் சாய்ஞ்சுக்குவா."

"இது உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

அவன் தன் சட்டைக் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "என் சட்டையில எதுலயாவது கழுத்துல தைச்ச துணிப்பட்டியைப் பார்த்திருக்கியா?"

இத்தனை வருஷம் துவைத்திருக்கிறாள். இல்லைதான். எல்லாவற்றையும் அவன் வெட்டி எடுத்திருந்தான்.

"நானும் இவளை மாதிரித்தான். எங்க வீட்டுல வெளுத்து வாங்குவாங்க. கத்துறதை நிறுத்திட்டேன். உரசுறது நிக்கல. முதுகுல பாரம் ஏறினாத்தான் எனக்கு உள்ளே அடங்கும். இவளுக்கும் அடங்குமோன்னு பார்த்தேன்." அவன் நிமிர்ந்தான். "நீ என்ன நினைச்சு வந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "தூக்க மருந்து குடுக்கிறீங்கன்னு."

"நானா?"

"பையைக்கூடத் துழாவினேன்."

அவன் வாலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

அதன் பிறகு அவன் பேசிய கொஞ்சநஞ்சமும் நின்றுபோனது. டாக்டரிடம் மூவரும் போனார்கள். அழுத்தம் கொடுப்பது தப்பில்லை, ஆனால் ஆளோ மூட்டையோ மேலே பாரமாக ஏறவே கூடாது என்று கண்டித்துவிட்டு, பக்கவாட்டில் எப்படி அணைப்பது, எப்போது விடுவது என்று அவர் காட்டிக்கொடுத்தார். கிடங்குக்குப் போவது நின்றது. அலறல் சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. டாக்டரின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன கணவன் வீட்டில் அவளிடம் மட்டும் ஊமை. அவளும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். தலையாட்டினான். அவ்வளவுதான்.

ஒரு மாலை கீழ்வீட்டில் இயந்திரம் வைத்து எதையோ துளைக்க ஆரம்பித்தார்கள். வாலு சுவரில் தலையை மோதப் போனாள். இருவரும் ஒரே நேரத்தில் ஓடி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, நடுவில் அவளை இறுக்கிக்கொண்டார்கள். பயத்தில் அம்மா முழு பலத்தோடு சாய்ந்ததில் மறுபக்கம் கணவனின் தோள் சுவரில் இடித்தது.

"ஏம்மா," என்றான் அவன், "நீ பிள்ளையை அமுக்குறியா, என்னைச் சுவருக்குள்ள தள்ளுறியா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நடுவிலிருந்து வாலு அதட்டினாள். "ஆடாதீங்க ரெண்டு பேரும்!"

ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.